உட்கூரை மட்டும் ஏன் இருண்டு கிடக்கிறது? வீவக வரவேற்பறைப் படத்தில் மறைமுக ஒளி

தெற்குஜன்னல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு உள்ளலங்காரப் படங்களைக் கணினியில் வரைந்து கொடுக்கும் வேலையைத் தனியாகச் செய்து வருகிறேன். இப்போது சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஒரு குடும்பத்தின் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காக வரவேற்பறைப் படங்களைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படமாக்கும் அதன் சைக்கிள்ஸ் பகுதி கொண்டு உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். வீடு பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறது, வரவேற்பறையின் ஒரே ஜன்னல் தெற்கைப் பார்த்தது, ஏறக்குறைய நாற்பது மீட்டர் தள்ளி எதிர்ப் புளோக் நிற்கிறது.

அறையின் அளவுகளை நானே நேரில் எடுத்து வந்தேன். தரைக்கும் உட்கூரைக்கும் இடையே 2.6 மீட்டர். ஜன்னல், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி 2.2 மீட்டரில் முடிகிறது. சுவருக்கும் உட்கூரைக்கும் தூய வெள்ளை கொடுத்திருக்கிறேன், தரை செம்பழுப்பு வைனில். வெளியே நிஷிட்டா வானம் (பிளெண்டர் கணக்கிட்டுத் தரும் வானமும் சூரியனும்) மட்டும் வைத்திருக்கிறேன், வேறு எதுவும் இல்லை. பவுன்ஸ் எண்ணிக்கையை, அதாவது ஒளி எத்தனை முறை பட்டு எழலாம் என்ற வரம்பை, நான் தொடவில்லை, ஆகவே டிஃபியூஸ் (பளபளப்பில்லாத பரப்புகளுக்கானது) 4 என்றே இருக்கிறது.

படத்தைப் பார்த்த அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, மத்தியானத்தில் நாங்கள் விளக்கே போடுவதில்லை. இந்தப் படத்தில் மேலே ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது?" அவர் சொன்னது உண்மை. நான் அளவெடுக்கப் போன நாளில் அங்கே விளக்கு எரியவில்லை, உட்கூரை நன்றாக வெளுத்துத்தான் இருந்தது. என் படத்திலோ உட்கூரை பழுப்பேறி, மூலைகளில் கறுத்து, மழைக்கால மாலை போலக் கிடக்கிறது. அதை வெளிச்சமாக்க அறைக்குள் நான்கு ஏரியா லைட்டுகளை (பலகை போன்ற விளக்குகளை) மறைத்து வைத்துப் பார்த்தேன். உட்கூரை வெளுத்தது, ஆனால் சோஃபாவின் அடியில் இருந்த நிழல் கரைந்துபோய், அது தரையில் படாமல் மிதப்பதுபோல ஆகிவிட்டது. பூசை மூலையில் வைத்த பித்தளைக் குத்துவிளக்கைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும் தெறிக்கின்றன.

ஒளி உண்மையில் எப்படிப் பரவுகிறதோ அப்படியே கொண்டுவர விரும்புகிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வெண்சுவர் எழுதியது:

வணக்கம். முதலில் உங்கள் "தூய வெள்ளை"யைப் பார்ப்போம். வண்ணத் தெரிவில் உச்ச எண்ணான 255 என்று கொடுத்தால், தன்மேல் விழும் ஒளி முழுவதையும் அந்தச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். அப்படி ஒரு சுவர் உலகத்தில் இல்லை. நல்ல வெள்ளைச் சாயம் பூசிய சுவர் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கைத்தான் திருப்புகிறது. வண்ணத் தெரிவின் எண்கள் ஒளியின் அளவோடு நேராக ஏறுவதில்லை என்பதால், 0.8 என்ற அந்த நேரியல் மதிப்பு அங்கே 231 என்ற எண்ணுக்கு வரும். புகைப்படத்திலிருந்து சுவரின் நிறத்தை உறிஞ்சி எடுத்து வைப்பவர்களும் இதே பிழையில் விழுகிறார்கள், ஏனெனில் அந்த நிறத்தில் சாயத்தோடு அன்றைய வெளிச்சமும் கலந்திருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மறைமுக ஒளி, அதாவது பரப்புகளில் பட்டுப் பட்டு வரும் ஒளி, பெருக்கல் கணக்கில் நடப்பது. 1986இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் (கணினியில் படமாக்கும்) சமன்பாட்டின் சாரம் இதுதான்: ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, அது தானாக உமிழ்வதும், நாலா பக்கத்திலிருந்தும் அதன்மேல் வந்து விழுவதில் அது திருப்பி அனுப்புவதும் சேர்ந்தது. வந்து விழுவதோ, வேறு புள்ளிகளிலிருந்து அதே முறையில் புறப்பட்டது. எல்லாப் பக்கமும் 0.8 எதிரொளிப்புக் கொண்ட மூடிய அறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நேரடி ஒளி 1 என்றால், முதல் பவுன்ஸ் 0.8, அடுத்தது 0.64 என்று கூடிக்கொண்டே போய் மொத்தம் 5 ஆகிறது. அதாவது ஐந்தில் நான்கு பங்கு மறைமுக ஒளி. எதிரொளிப்பை 0.9 ஆக்கினால் மொத்தம் 10, 0.5 ஆக்கினால் வெறும் 2. சாயத்தின் மதிப்பில் செய்யும் சிறிய பிழை, அறையின் மொத்த வெளிச்சத்தில் எவ்வளவு பெரிதாக வெளிப்படுகிறது என்று பாருங்கள்.

பவுன்ஸ் எண்ணிக்கையும் இதே கணக்கில் அடங்கும். அந்த 0.8 அறையில் நான்கோடு நிறுத்தினால் உண்மையான ஒளியில் 67 விழுக்காடுதான் கிடைக்கிறது, எட்டில் 87, பன்னிரண்டில் ஏறக்குறைய 95. ஆனால் பழுப்புத் தரை, கறுப்பு சோஃபா, திறந்த ஜன்னல் எல்லாம் சேர்ந்து உங்கள் அறையின் சராசரியை 0.5 அளவுக்கு இறக்கிவிட்டால், நான்கு பவுன்ஸிலேயே 97 விழுக்காடு வந்துவிடும். ஆகவே டிஃபியூஸை எட்டாக உயர்த்துங்கள், அதற்கு மேல் காத்திருப்பதில் பயன் குறைவு.

உட்கூரையின் பழுப்பும் பெருக்கலின் விளைவே. தரையின் சிவப்பு 0.5, நீலம் 0.12 என்று வைத்தால், ஒருமுறை பட்டு எழும் ஒளியில் சிவப்பு நீலத்தைப் போல நான்கு மடங்கு, அதே ஒளி மீண்டும் தரைக்கு வந்து எழும்போது பதினேழு மடங்கு. வைனில் பலகையின் மாதிரித் துண்டை வெள்ளைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் நினைப்பதைவிட அது பெரும்பாலும் சாம்பல் கலந்ததாகத்தான் இருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவற்றைத் திருத்தினால் நிறம் சீராகும், ஆனால் சுவர் 1 என்பதிலிருந்து 0.8க்கு இறங்குவதால் அறை இன்னும் சற்று இருளக்கூடும். உட்கூரையின் இருட்டுக்கு வேறு காரணமும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பழைய வரைவாளர் எழுதியது:

வெண்சுவர் சொன்ன கணக்கு அத்தனையும் சரி. அந்த வேறு காரணத்தை நான் சொல்கிறேன். தம்பி, உங்கள் உட்கூரை வானத்தைப் பார்ப்பதே இல்லை.

ஒரு தாளில் அறையின் குறுக்குவெட்டை வரையுங்கள். உட்கூரை 2.6 மீட்டரில் இருக்கிறது, ஜன்னலின் மேல்விளிம்பு 2.2 மீட்டரில். உட்கூரையின் எந்தப் புள்ளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கோடு போட்டாலும் அந்தக் கோடு கீழ்நோக்கித்தான் வெளியே போகும். ஜன்னலிலிருந்து நான்கு மீட்டர் உள்ளே இருக்கும் புள்ளியை எடுத்துக்கொண்டால், அங்கிருந்து போகும் கோடுகள் எதிர்ப் புளோக்கைத் தொடும்போது ஏறக்குறைய நான்கரை மீட்டரிலிருந்து பதினேழரை மீட்டர் வரை இறங்கியிருக்கும். அதாவது உட்கூரையின் உட்பகுதிக்குத் தெரிவது எதிர்ப் புளோக்கின் சுவர் மட்டுமே, உங்கள் மாடிக்கு ஒன்றிரண்டு மாடி கீழே தொடங்கி ஐந்தாறு மாடி வரை. ஜன்னலுக்கு ஒரு மீட்டர் அருகில் உள்ள உட்கூரைக்கோ அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியும், புல்தரையும், கார் நிறுத்துமிடமும் தெரியும். வெளியிலிருந்து அதற்கு வரும் ஒளி இவ்வளவுதான். மற்றதெல்லாம் அறைக்குள்ளேயே தரையிலும் சுவரிலும் பட்டு ஏறுவது.

இப்போது உங்கள் கணினிக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே, தொடுவானத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. நிஷிட்டா வானம் தொடுவானத்துக்குக் கீழே இறங்க இறங்க விரைவாகக் கறுத்துவிடும். எதிர்ப் புளோக் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஒரு கரும்பள்ளத்தை வைத்திருக்கிறீர்கள், உட்கூரை அதை உண்மையாகவே பிரதிபலிக்கிறது. மென்பொருள் தவறு செய்யவில்லை.

நம்ப முடியவில்லை என்றால் கேமராவை உட்கூரையோடு ஒட்டி வைத்து, ஜன்னலைப் பார்க்கத் திருப்பி ஒரு சிறிய படம் எடுங்கள். ஜன்னல் சட்டத்துக்குள் என்ன தெரிகிறதோ அதுதான் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒளி. எந்த அறை வேலையைத் தொடங்கினாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஆகவே வெளியே கட்டுங்கள். நுணுக்கமாக வேண்டியதில்லை. எதிர்ப் புளோக்குக்கு ஒரு பெட்டி, வெளிர்ச்சாயம் என்றால் 0.6 எதிரொளிப்பு. ஜன்னல் வரிசைகளும் தாழ்வாரங்களும் கருமையாகத் தெரிவதால் சராசரியில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். தரைக்கு ஒரு பெரிய தளம், பகலொளிக் கணக்குகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.2 போதும். உங்கள் சொந்தப் புளோக்கின் வெளிச்சுவரையும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கொடுக்க வேண்டிய நிழல் கீழே விழாது.

அடுத்தது சூரியன். நிஷிட்டாவில் சூரியனின் உயரம் 15 டிகிரி என்றே தொடக்கத்தில் இருக்கும். அது குளிர்நாட்டுப் பிற்பகலுக்குப் பொருந்தலாம், சிங்கப்பூரின் மதியத்துக்குப் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முந்தியதால் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒரு மணிக்கு. டிசம்பரில் அந்த உச்சிப் பொழுதில் சூரியன் தெற்கே 65 டிகிரியில் நிற்கும். அப்போது உங்கள் ஜன்னல் வழியாக நுழையும் வெயில் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தோடு நின்றுவிடும், ஆனால் அந்தச் சிறு வெயில் துண்டு நேரே உட்கூரையைப் பார்த்து எழும்பும். ஜூனில் சூரியன் வடக்கே 68 டிகிரியில் இருக்கும், உங்கள் அறைக்குள் வெயில் வரவே வராது. மாறாக, எதிர்ப் புளோக்கின் வடக்குச் சுவர் வெயிலில் நனையும், சூரியனை நேரெதிரே பார்க்கும் பரப்பு பெறுவதில் 37 விழுக்காடு அதற்குக் கிடைக்கும். அந்தச் சுவரே உங்கள் அறைக்கு ஒரு பெரிய விளக்கு. நீங்கள் அளவெடுக்கப் போனது எந்த மாதம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய வயல்வெளியில் எடுத்த எச்டிஆர்ஐ படத்தை (சுற்றுப்புறத்தின் ஒளியையும் சேர்த்துப் பதிந்த படத்தை) போட்டுத் தீர்த்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அதில் உள்ள தாழ்ந்த சூரியனும், பச்சைத் தரையும், திறந்த தொடுவானமும் தெம்பனிஸில் இல்லை.

தெற்குஜன்னல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. உட்கூரை வானத்தைப் பார்ப்பதில்லை என்ற வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் போனது ஜூன் கடைசி வாரம், ஐயா. எதிர்ப் புளோக்கையும் தரையையும் கட்டிவிட்டேன், உட்கூரை வெளுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இப்போது படம் முழுவதும் மணல் தூவியது போல இரைச்சல். அதைத் துடைக்கும் டீநாய்ஸரைப் போட்டால் உட்கூரையில் தேமல் விழுகிறது. குத்துவிளக்கின் புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 சாம்பிள் (சோதனைக் கதிர்) கொடுத்திருக்கிறேன்.

மணற்புள்ளி எழுதியது:

சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே இரைச்சல் குறைகிறது. பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு, 2000 வேண்டும். அதற்கு முன்னால் கதிர்கள் வீணாகும் இடங்களை அடைப்பது நல்லது.

முதலில் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். ஒளிவிலகல் உள்ள உண்மையான கண்ணாடிப் பொருளை வைத்திருந்தால், அறைக்குள் உள்ள புள்ளியிலிருந்து சூரியனையும் வானத்தையும் நோக்கி அனுப்பப்படும் நிழல் கதிர் அந்தக் கண்ணாடியில் தடைபட்டு நின்றுவிடும். அதன்பின் ஒளி தற்செயலாக வந்து சேர வேண்டியதுதான். நிழல் கதிருக்கு மட்டும் அது ஒளிபுகு பொருளாக இருக்கும்படி கதிரின் வகையைப் பிரித்துச் சொல்லும் லைட் பாத் நோடு கொண்டு அமையுங்கள், அதன் நிறத்தை 0.9 என்று வையுங்கள். தெளிவான கண்ணாடி ஏறக்குறைய அவ்வளவு ஒளியை விடுகிறது.

ஜன்னலில் ஓர் ஏரியா லைட்டை வைத்துப் போர்ட்டலாக மாற்றுவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ட்டல் தானாக ஒளி தராது. வானத்தின் ஒளியைத் தேடும் கதிர்களை அந்தத் திறப்பை நோக்கித் திருப்புவது மட்டுமே அதன் வேலை. வையுங்கள், தரையும் சுவரும் தெளியும். ஆனால் உங்கள் உட்கூரைக்கு அதனால் பெரிய பயன் இராது, ஏனெனில் பழைய வரைவாளர் சொன்னபடி அதற்கு ஒளி தருவது வானம் அல்ல, எதிர்ப் புளோக். அந்தச் சுவர் காட்சியில் உள்ள ஒரு பொருள், போர்ட்டலின் கணக்கில் அது வராது.

இத்தகைய இடத்துக்கென்றே வந்தது பாத் கைடிங். பிளெண்டர் 3.4 பதிப்பில், 2022 டிசம்பரில் சைக்கிள்ஸுக்குள் சேர்த்தார்கள். எந்தத் திசையிலிருந்து ஒளி அதிகம் வருகிறது என்று ரெண்டர் ஓடும்போதே கற்றுக்கொண்டு, அடுத்த கதிர்களை அந்தப் பக்கம் அதிகமாக அனுப்பும். கிராபிக்ஸ் அட்டையில் ஓடாது, சிபியுவில்தான் ஓடும், ஆகவே ஒவ்வொரு சாம்பிளும் மெதுவாக இருக்கும். ஆனாலும் சிறிய திறப்பின் வழியாகச் சுற்றி வரும் ஒளிக்கு அந்தக் காத்திருப்பு வீண்போவதில்லை என்பது என் அனுபவம். இந்தச் சிக்கல் பழையது. 1997இல் எரிக் வீச், லியோனிடஸ் கிபாஸ் இருவரும் ஒளி வரும் பாதைகளைத் தேடும் மெட்ரோபோலிஸ் முறையை அறிமுகப்படுத்தியபோது, சற்றே திறந்த கதவின் வழியாக மட்டும் ஒளி வரும் ஓர் அறையைத்தான் சோதனைக் காட்சியாகக் காட்டினார்கள். நம் வீடுகளில் தாழ்வாரத்து வெளிச்சம் வாசல் கதவிடுக்கில் நுழைவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் உடனே புரியும்.

குத்துவிளக்கின் மின்மினிப் புள்ளிகள் வேறு வகை. சுடர் மிகச் சிறியது, மிகப் பிரகாசமானது. சுவரில் பட்டு எழுந்த கதிர் பளபளக்கும் பித்தளை வளைவில் மோதித் தற்செயலாகச் சுடரைத் தொடும்போது ஒரு புள்ளி தெறிக்கிறது. மதிய அறையின் வெளிச்சத்தில் அந்தச் சுடரின் பங்கு கண்ணுக்கே தெரியாது. ஆகவே சுடரை டிஃபியூஸ் கதிர்களுக்கு மறைத்து, கேமராவுக்கும் பித்தளையின் பிரதிபலிப்புக்கும் மட்டும் தெரியும்படி விட்டுவிடுங்கள். பித்தளை வழியாகச் சுடரைத் தொடும் கதிர் இதனால் நிற்காது, அதற்கு எதிரொளிக் காஸ்டிக்ஸையும் (பளபளப்பில் பட்டுச் சுவரில் விழும் ஒளிக் கணக்கையும்) அணைக்க வேண்டும். மறைமுக ஒளியின் உச்சத்தை வெட்டும் இன்டைரக்ட் கிளாம்ப் மதிப்பை 1, 2 என்று இறக்குவதை மட்டும் தவிர்க்கவும். அது புள்ளிகளோடு சேர்த்து, தரையின் வெயில் துண்டிலிருந்து எழும் உண்மையான ஒளியையும் வெட்டிவிடும், நீங்கள் பாடுபட்டு மீட்ட உட்கூரை மறுபடி மங்கிவிடும். இருக்கிற 10 போதும்.

தேமல் விழுவது டீநாய்ஸரின் குற்றம் அல்ல. கொடுத்த சாம்பிள் போதாதபோது அது ஊகிக்கிறது. ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் அதற்குக் கொடுங்கள், 1500 சாம்பிள் வரை போங்கள், உட்கூரை சீராகும்.

காலக்கெடு எழுதியது:

நாளைக் காலையில் படம் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கும்போது இத்தனையும் செய்ய நேரம் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய ஏரியா லைட்டை வைத்து அறைக்குள் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

பழைய வரைவாளர் எழுதியது:

அவசரத்துக்கு ஜன்னலுக்கு வெளியே விளக்கு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒளி அதே திறப்பின் வழியாக வருகிறது என்பதால் நிழல்கள் பெரும்பாலும் சரியான பக்கமே விழும். ஆனால் நேர்நிலையில் உள்ளே பார்க்கும் விளக்கு தரையையும் எதிர்ச்சுவரையும்தான் அதிகம் வெளுப்பாக்கும். உட்கூரைக்காக வைக்கிறீர்கள் என்றால், ஜன்னலின் அடிமட்டத்துக்குக் கீழே, வெளியே தள்ளி, மேல்நோக்கிச் சாய்த்து, இரண்டாவது விளக்காக வையுங்கள். அறைக்குள் வைப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். சோஃபாவின் அடிநிழல் ஏன் கரைந்தது என்று தெற்குஜன்னல் கண்ணால் பார்த்துவிட்டார்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் வேறு வழியே இல்லாமல் அறைக்குள் பத்துப் பன்னிரண்டு விளக்குகளை மறைத்து வைத்துத்தான் படம் செய்தோம். 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பரப்புகளுக்கிடையே ஒளி பரிமாறுவதைக் கணக்கிடும் ரேடியாசிட்டி முறையை உருவாக்கியவர்கள் வண்ணச் சுவர்கள் கொண்ட ஒரு வெறும் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அத்தகைய பெட்டியை உண்மையாகவே செய்து வைத்து, அதன் ஒளியை அளந்து, கணினிப் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீட்டைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் நிற்பது ஒன்றுதான்: படம் சரியா என்று கேட்கவேண்டியது அறையிடம். தெற்குஜன்னலுக்கு ஒப்பிடுவதற்கு ஓர் உண்மையான அறை இருக்கிறது, நடுப்பகலில் அதில் உட்கார்ந்து பழகிய ஓர் அம்மாவும் இருக்கிறார். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

தெற்குஜன்னல் எழுதியது:

நேற்று மதியம் ஒரு மணிக்கு அந்த வீட்டுக்கு மறுபடியும் போய் வந்தேன். துடைப்பக் கம்பில் கைப்பேசியைக் கட்டி, உட்கூரையோடு ஒட்டி, ஜன்னலை நோக்கிப் படம் எடுத்தேன். ஐயா சொன்னபடியே சட்டத்துக்குள் ஒரு விரற்கடை வானம்கூட இல்லை. எதிர்ப் புளோக்கின் வெளிர்மஞ்சள் சுவர், அதற்கு முன்னால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடி, ஓரத்தில் கொஞ்சம் புல். அந்த மொட்டைமாடியை நான் கட்டியிருக்கவில்லை. சிமெண்டுத் தளம் வெயிலில் கண்கூசும்படி வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதையும் சேர்த்தேன். சுவருக்கு 231, டிஃபியூஸ் 8, சூரியன் வடக்கே 68 டிகிரி, உள்ளே ஒரு விளக்கும் இல்லை. வைனில் துண்டை வெள்ளைத் தாளின் பக்கத்தில் வைத்து நிறத்தைத் திருத்தினேன், வெண்சுவர் சொன்னதைப் போல நான் வைத்திருந்ததைவிட அது நன்றாகவே சாம்பல் கலந்திருந்தது. காட்சி மாற்றத்தை (கணக்கிட்ட ஒளியைத் திரைக்கேற்ற நிறமாக்கும் முறையை) ஸ்டாண்டர்டிலிருந்து ஏஜிஎக்ஸுக்கு மாற்றியதால் ஜன்னலுக்கு வெளியே உள்ள சுவரும் வெந்து போகாமல் நிற்கிறது. பாத் கைடிங்கோடு 1500 சாம்பிள், இரவெல்லாம் ஓடியது.

காலையில் பார்த்தபோது உட்கூரையின் ஜன்னலோரம் வெண்மையாகவும், உள்ளே போகப் போக இளமஞ்சள் ஏறியும் இருந்தது. அந்த மஞ்சளை நான் எங்கும் பூசவில்லை, அது எதிர்ப் புளோக்கிலிருந்து வந்தது. சோஃபா தரையில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. பூசை மூலை மட்டும் இன்னும் சற்று இருட்டாக இருக்கிறது. நேற்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டு, அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.